எழுபத்தாறு வயதில் ஒரு சினிமா உத்தியோகம்

பிரெஞ்சு மொழியில் 'ரக்கோர்' என்று ஒரு சொல் உண்டு. காரைக்காலில் நான் பள்ளியில் படித்த நாட்களில் அதைக் குழாய் ரிப்பேர் செய்கிறவர் வாயால்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். இரண்டு குழாய்களைத் தண்ணீர் கசியாமல் இணைக்கிற துண்டுக்கு ரக்கோர் என்று பெயர். சினிமாக்காரர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். தனித்தனியாக எடுத்த இரண்டு ஷாட்டுகளை, இணைப்பு பார்க்கிறவர் கண்ணில் படாமல் சேர்ப்பது ரக்கோர். சேராமல் துருத்திக்கொண்டு நின்றால் 'ஃபோ ரக்கோர்', அதாவது பொய் இணைப்பு. நம் ஊரில் கன்டினியுட்டி என்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு இந்த வயதில் எதற்கு என்று கேட்பீர்கள். என் மகள் வயிற்றுப் பேத்தி விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஐந்து நிமிஷப் படம் ஒன்று எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். கதை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அதில் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வரவேண்டும், இன்னொருவர் எதிரில் உட்கார வேண்டும், இருவரும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். எங்கே வெட்டி எங்கே ஒட்டினார்கள் என்று தெரியக்கூடாது. அதற்குத்தான் மதிப்பெண்.

கையில் இருந்தது ஒரு கைபேசி, ஒரு மூன்றுகால் ஸ்டாண்டு, சட்டையில் குத்துகிற சின்ன மைக், கூடப் படிக்கும் மூன்று பிள்ளைகள். கன்டினியுட்டி எழுத ஆள் இல்லை.

"தாத்தா, நீங்கதான் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் ரிஜிஸ்டரா எழுதியிருக்கீங்களே. அதே வேலைதான், வாங்க" என்றாள்.

உண்மைதான். முப்பத்தெட்டு வருஷம் தபால் பதிவேடும் தன்பதிவேடும் எழுதிய கை இது. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். ஷாட் எண், டேக் எண், எந்தக் கை, புடவைத் தலைப்பு எந்தப் பக்கம், வெயில் எதுவரை, சத்தம், விவரம் என்று ஏழு பத்திகள்.

படம் எடுத்த இடம் திருவையாறு, என் அக்கா வீடு. தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேரப் பஸ் பயணம். பழைய காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம். அக்காவுக்கு வயது எண்பத்தொன்று. அத்தான் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். ஒரு அம்மாள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். இரண்டு வருஷமாக அக்காவுக்கு மறதி. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில்லை. என்னைச் சில நாள் 'தம்பி' என்பாள், சில நாள் 'யாரு, வாங்க' என்பாள்.

பேத்திக்கு அக்காவைத்தான் நடிக்க வைக்க வேண்டும் என்று ஆசை. அக்கா மகன் போனில் சண்டைக்கு வந்தான்.

"மாமா, அம்மாவுக்கு யார் வந்தா, யார் போனான்னே தெரியல. அவங்களை வச்சுப் படம் எடுத்து காலேஜ்ல போட்டுக் காட்டுறதா? நாலு பசங்க பார்த்துச் சிரிச்சா என்ன பண்ணுவீங்க?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை. என்னிடம் பதிலும் இல்லை. பேத்தி போனை வாங்கினாள். "மாமா, அத்தைப்பாட்டியோட மறதி படத்துல ஒரு இடத்துலயும் வராது. முடிச்சதும் முதல்ல நீங்க பாருங்க. வேண்டாம்னு சொன்னீங்கன்னா அழிச்சிடுறேன்" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாமா பக்கத்துலயே இருக்கணும்" என்றான். இப்படியாக எனக்கு ரிஜிஸ்டர் வேலையோடு காவல் வேலையும் சேர்ந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் ஆரம்பித்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். அதன்பிறகு சில நாட்களில் காவிரி மணலாகிவிடும். ஒரு ஷாட்டில் தண்ணீரும் அடுத்த ஷாட்டில் மணலும் இருந்தால் எந்த ரக்கோரும் காப்பாற்றாது. வயல் கதையும் அப்படித்தான். பொங்கலுக்கு முன்னால் மஞ்சளாக நிற்கிற சம்பா, அடுத்த வாரம் அறுவடை மெஷின் வந்துபோனால் வெறும் தாள்.

பெரியவர்களும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' படத்தின் முதல் படப்பிடிப்பை 1952 அக்டோபரில் நாணல் பூத்த ஒரு வெளியில் நடத்தினார். மறுபடியும் அங்கே போனபோது பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம் பூக்கும்வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார்கள். படம் முடிய ஏறக்குறைய மூன்று வருஷம். மிட்டாய்க்காரராக நடித்தவர் நடுவில் இறந்துபோனார். ஒத்த உடல்வாகு உள்ள வேறொருவரை முதுகுப் பக்கமாகக் காட்டிச் சமாளித்தார்கள். அந்தப் பையனுக்குக் குரல் உடையவில்லை, பெண் வளர்ந்துவிடவில்லை, எண்பது வயதுக் கிழவியாக நடித்த சுனிபாலா தேவி படம் முடியும்வரை உயிரோடிருந்தார். இந்த மூன்றையும் அற்புதங்கள் என்று ராய் பின்னாளில் சொன்னார். அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது அற்புதம்தான் ஞாபகம் வந்தது.

முதல் நாள் புஷ்ய மண்டபப் படித்துறை. கதைப்படி அக்கா படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். படித்துறை வடகரையில் இருக்கிறது. அங்கே நின்று ஆற்றைப் பார்த்தால் தண்ணீர் நமக்கு வலமிருந்து இடமாகப் போகும். பிள்ளைகள் பாலம் தாண்டி எதிர்க்கரைக்குப் போய், கோபுரம் தெரிகிற மாதிரி அழகாக ஒரு ஷாட் எடுத்துவந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் காவிரி திரும்பிக் கர்நாடகாவுக்கே போகிறது!

இதற்குத்தான் 180 டிகிரி விதி. எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதை வரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா வரப்பின் ஒரு பக்கத்திலேயே நின்று எந்த மூலைக்கு வேண்டுமானாலும் போகலாம். வரப்பைத் தாண்டினால் இடப்பக்கம் பார்த்தவர் வலப்பக்கம் பார்ப்பார், இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். தாண்டியே ஆகவேண்டுமானால் நடுவில் வரப்பின் மேலேயே நின்று ஒரு ஷாட் போட வேண்டும். பேத்தி பாலத்தின் நடுவில் நின்று, தண்ணீர் நேராக நம்மை விட்டு விலகிப் போவதுபோல் ஒன்று எடுத்தாள். அதை இடையில் செருகியதும் ஆறு பழையபடி கிழக்கே போயிற்று.

இங்கே இன்னொரு பிரெஞ்சுச் சொல்லைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேமரா பார்க்கிற பரப்புக்கு பிரெஞ்சில் 'ஷாம்' என்று பெயர். ஷாம் என்றால் வயல். நாம் உழுகிற அதே வயல். ஒருவர் பேசுவதைக் காட்டி, அடுத்து எதிரில் இருப்பவரைக் காட்டுவதை வயல், எதிர்வயல் என்பார்கள். சட்டத்துக்கு வெளியே நடப்பது வயலுக்கு வெளியே. இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து, "தாத்தா, வயலுக்குள்ள நிக்கிறீங்க, நகருங்க" என்று அதட்ட ஆரம்பித்தார்கள்.

நம் பக்கத்தில் சினிமா வந்ததே ஒரு பிரெஞ்சுக்காரர் கையிலிருந்துதான். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டக் கிளம்பினார். லூமியேர் சகோதரர்கள் எடுத்த முதல் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம்கூட இல்லை. ஒரே இடத்தில் கேமராவை வைத்து எடுத்தவை. வெட்டே இல்லாததால் ஒட்டும் இல்லை. வெட்ட ஆரம்பித்த பிறகுதான் இந்த விதியெல்லாம் பிறந்தது. தமிழுக்கு இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் மாணவர்தான். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன், கூடப் படித்த டாண்டன் அழைத்து 1935-ல் இங்கே வந்தார். தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி'யில் தொடங்கி 'மந்திரி குமாரி' வரை இயக்கினார். 1986-ல் அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 'ஊமை விழிகள்' எடுத்ததும், அதை நாமெல்லாம் வாய் பிளந்து பார்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். படிக்கிற பிள்ளைகளை லேசாக நினைக்கக்கூடாது.

என் ரிஜிஸ்டர் வேலைக்கும் ஒரு முன்னோடி கிடைத்தார். ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்தை வங்காளத்தில் எடுத்தபோது, சுப்ரதோ மித்ரா என்ற இளைஞர் கேமரா குழுவில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. தினமும் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே, விளக்கு எங்கே, நடிகர் எங்கே, கேமரா எங்கே என்று படம் வரைந்து குறிப்பு எழுதினார். மறுபடி எடுக்கவேண்டிய ஒரு காட்சிக்கு ஒளியைச் சரிபார்க்க, கேமராமேன் கிளாத் ரெனுவாரே அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கினார் என்று மித்ரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே மித்ராதான் தம் 21 வயதில் ராயின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவாளர் ஆனார்.

வீட்டுக்குள் எடுக்கும்போது முற்றத்து வெயில்தான் பெரிய தொல்லை. பத்து மணிக்குத் தூணடியில் இருக்கும் வெயில், பதினொன்றுக்கு அம்மி வரை நகர்ந்துவிடும். அரை மணிக்கு ஒருதரம் வெயில் விளிம்பில் சாக்பீஸ் கோடு போட்டு நேரம் எழுதினேன். அதைப் பார்த்துப் பேத்தி வரிசையை மாற்றினாள். கதை வரிசைப்படி எடுக்காமல், ஒரே பக்கம் பார்க்கிற ஷாட்டுகளையெல்லாம் ஒரே வெயிலில் சேர்த்து எடுத்தாள். கைபேசி தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். திரையில் விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட வேண்டும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டது.

தடங்கல் கதவில் வந்தது. நடந்துகொண்டிருக்கிற ஒரு அசைவின் நடுவில் வெட்டினால் கண் அசைவோடு போய்விடும், வெட்டை கவனிக்காது. வெளியிலிருந்து கதவைத் தள்ளுகிற கை, உள்ளிருந்து பார்த்தால் திறக்கிற கதவு. இப்படி இரண்டு பக்கமிருந்தும் எடுக்க, நடிப்பவர் அதே காரியத்தை அதே மாதிரி திரும்பச் செய்ய வேண்டும். அக்கா முதல் தடவை வலது கையால் தள்ளினாள். அடுத்த தடவை இடது கை. மூன்றாவது தடவை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது யாரு வீடு? சொல்லாம கொள்ளாம உள்ள போறது நல்லாருக்குமா?" என்றாள்.

அறுபது வருஷம் அவள் கோலம் போட்ட வாசல் அது. பிள்ளைகள் பேசாமல் நின்றார்கள். பேத்தி போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "வாங்க அத்தைப்பாட்டி, நமக்குத் தெரிஞ்சவங்க வீடுதான்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அன்றைக்கு அதோடு சரி. ரிஜிஸ்டரில் 'விவரம்' பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

மறுநாள் நாங்கள் போனபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருவிலிருந்து உதிரியாக வாங்கிவந்த கனகாம்பரம், செவ்வந்தி, மருக்கொழுந்து. கதம்பம். வாழைநாரின் ஒரு நுனி கால் கட்டைவிரலில். பேத்தி வாசற்படியிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "தாத்தா, கதையை மாத்திடலாம்" என்றாள்.

புதுக் கதையில் கதவைத் திறந்து வருவது கூடப் படிக்கிற பெண். அக்கா எங்கேயும் எழுந்து போகவேண்டாம். உட்கார்ந்து பூ தொடுக்கிறாள். வந்த பெண் எதிரில் உட்கார்ந்து, "எனக்குப் பூ?" என்று கேட்கிறாள். அக்கா முழம் போட்டு அறுத்துக் கொடுக்கிறாள். முடிந்தது. அக்கா சரியான பக்கம் பார்ப்பதற்காக, பேத்தி கேமராவுக்குப் பக்கத்தில், அந்தப் பெண் இருக்கவேண்டிய இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு நாளில் ஏழு டேக். தூரத்திலிருந்து, கிட்டத்தில், கை மட்டும், முகம் மட்டும். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு அது முதல் தடவைதான். "வாடியம்மா, யாரு வீட்டுப் பொண்ணு?" என்று ஏழு தரமும் புதிதாகக் கேட்டாள். ஆனால் கைகள்? இடது கைக் கட்டைவிரலால் காம்பை அழுத்தி, இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி, நடுவில் ஒரு மருக்கொழுந்து, நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பூ கேட்டதும் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, இரண்டு விரல்கடை கூட விட்டு அறுப்பாள். அந்த இரண்டு விரல்கடை ஏழு தடவையும் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெளியிலிருந்து எடுத்த கையையும் கிட்டத்தில் எடுத்த கையையும் எங்கே வேண்டுமானாலும் வெட்டி ஒட்ட முடிந்தது.

ரிஜிஸ்டரில் 'எந்தக் கை' பத்தியில் முதல் டேக்குக்கு நாலு வரி எழுதினேன். பிறகு ஆறு முறை ஒரே சொல்தான். மேற்படி. மேற்படி. மேற்படி. ஆபீஸில் அந்தச் சொல்லை லட்சம் தடவை எழுதியிருப்பேன். அந்த நோட்டில் எழுதியபோது என் கை கொஞ்சம் நின்று நின்றுதான் எழுதியது.

கடைசியாக ஒரு வேலை. எல்லோரையும் பேசாமல் உட்காரச் சொல்லி, வீட்டின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்தார்கள். அணில், தூரத்து பஸ் ஹாரன், கொல்லையில் குழாய் சொட்டுவது, அக்கா மூச்சு. வெட்டுகளுக்கு அடியில் இந்தச் சத்தம் தொடர்ந்து ஓடினால் படம் ஒன்றாகத் தோன்றுமாம். ஜனவரி 28-க்கு மூன்று நாள் முன்பாகவே மூட்டை கட்டிவிட்டோம்.

மாசி மாதம் அக்கா மகன் வந்தான். சொன்னபடி அவனுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினோம். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். திரையில் பூ தொடுக்கிற கையைக் கூர்ந்து கவனித்தாள்.

"நல்லா நெருக்கமாத் தொடுக்குறா. யாரு பெத்த பொண்ணோ" என்றாள்.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டு வந்தான். பேத்தி பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "காலேஜ்ல காட்டிக்க. பேரும் போடு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "வெட்டித் தள்ளுனதெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

ஐந்து நிமிஷப் படத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் எடுத்திருந்தார்கள். எல்லாம் அவனுக்கு வேண்டுமாம். கேமரா ஆடியது, யாரோ தும்மியது, அக்கா பாதியில் நிறுத்திவிட்டு 'காப்பி குடிச்சீங்களா' என்று கேமராவைப் பார்த்துக் கேட்டது. "அந்தக் கதவுகிட்ட நின்னது?" என்று அதையும் கேட்டான். யார் மூலம் அவனுக்குத் தெரிந்ததோ. பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். "அவன் அம்மா. கொடு" என்றேன். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று என் ரிஜிஸ்டரை நகல் எடுத்துக் கூடவே கொடுத்தேன். படமாக ஒட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் ரக்கோர் தேவை. பிள்ளைக்குத் தேவையில்லை.

என் வயது நண்பர்களுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் இந்த அனுபவத்திலிருந்து சில யோசனைகள். வீட்டுப் பெரியவர்களைப் படம் எடுப்பதானால் போனைப் படுக்கவாட்டில் பிடியுங்கள். எடுக்க ஆரம்பித்தால் பத்து வினாடியாவது ஆடாமல் நில்லுங்கள். வெளிச்சத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைக்காதீர்கள், முகம் கறுத்துவிடும். 'பேசும்மா, ஏதாவது சொல்லும்மா' என்று முகத்துக்கு நேரே நீட்டாமல், அவர்கள் கை அறிந்த வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்தக் கையை எடுங்கள். பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை. வீட்டின் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எதையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

பேத்திக்கு அடுத்த செமஸ்டரில் ஒளிப்பதிவுப் பாடம். ஆடியில் தண்ணீர் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்கிறாள். நோட்டில் இன்னும் அறுபது பக்கம் காலியாக இருக்கிறது.